அப்பா வெட்டியெறிந்த செடி

ஆடி பிறந்து முதல் ஞாயிறு வந்தால் அப்பா மாமரத்தில் ஏணி சாத்துவார். காய் இறக்கி முடிந்திருக்கும். மில்லுக்கும் விடுமுறை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு, கிளை கிளையாக ஏறி, மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் வெட்டியும் சுரண்டியும் கீழே தள்ளுவார். “மரத்தோட ரத்தத்தக் குடிக்குது பாரு” என்பார். விழுந்ததைக் கூடையில் அள்ளிப் பின்கட்டு வெந்நீர் அடுப்புக்குக் கொண்டுபோவது என் வேலை. 1971ஆம் வருஷம். எனக்குப் பத்து வயது.

கூடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று, குச்சி குச்சியாகக் கிளைத்து, ஆரஞ்சு நிறத்தில் குழல் குழலாகப் பூத்திருப்பது. அதை வெட்டினால் மாங்கிளையின் பட்டையும் சேர்ந்து பிய்ந்துகொண்டு வரும். மற்றது வார் வாராக நீண்ட தடித்த இலைகளும், சுண்டுவிரல் கனத்தில் வெளுத்த வேர்களுமாக இருக்கும். இலை நுனியைப் பார்த்தால் யாரோ கடித்துத் துப்பியதுபோல் பிசிறாக இருக்கும். அப்பாவுக்கு இரண்டும் புல்லுருவிதான். முதல் வகை அடுப்பில் போட்டதும் எரிந்துவிடும். இரண்டாவது எரியாது. உஸ்ஸென்று சீறும், நுரை கக்கும், தவலையில் தண்ணீர் கொதித்து முடிந்த பிறகும் உள்ளே பச்சையாகவே கிடக்கும். அம்மா அதை வெளியே இழுத்துப் போட்டுவிடுவாள்.

ஒருமுறை அந்த இரண்டாவது வகையில் பூ இருந்தது. மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம்போட்ட கைலித் துணியில் வெட்டியெடுத்ததுபோல் இதழ்கள். நடுவில் ஊதா நிறத்தில் ஒரு நாக்கு. முகர்ந்து பார்த்தேன். மல்லி இல்லை, மகிழம்பூ இல்லை, எங்கள் வீட்டில் அதுவரை வராத ஒரு வாசனை. தலையில் செருகப் போனேன். “புல்லுருவிப் பூவத் தலையில வெப்பாங்களா? போடு கீழ” என்றாள் அம்மா. போட்டுவிட்டேன். கூடையோடு அதுவும் அடுப்புக்குப் போனது.

புதுச்சேரியை ஒட்டிய எங்கள் மூலக்குளத்தில் அன்று மரத்துக்குப் பஞ்சமில்லை. ரெட்டியார்பாளையம் தாண்டியதும் மல்லாட்டைக் கொல்லையும் சவுக்குத் தோப்பும்தான். வில்லியனூர் ரோட்டில் சாயங்காலம் போகிற பஸ்ஸை வாசலில் நின்றே எண்ணிவிடலாம். இன்று அதே ரோட்டைக் கடக்க நான் பத்து நிமிஷம் நிற்கிறேன். கொல்லை இருந்த இடமெல்லாம் ஷோரூமும் கல்யாண மண்டபமும் அடுக்குமாடிகளும். எங்கள் தோட்டத்தையும் பாகம் பிரித்துப் பிரித்து விற்றது போக, வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலமும் அப்பாவின் மாமரமும் மட்டும் மிஞ்சின.

அந்த மரத்தைத் ‘தானே’ என்ற புயல் சாய்த்தது. 2011 டிசம்பர் 30, விடியற்காலை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிய அந்தப் புயலை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். கடலூர்ப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகப் படுத்துவிட்டன. எங்கள் மாமரம் வேரோடு பெயர்ந்து, மதில்மேல் தலையை வைத்துக் கிடந்தது. அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. மரமும் போனது அவரையே மறுபடி தூக்கிக்கொண்டுபோனது மாதிரி இருந்தது எனக்கு.

மரம் அறுக்க ஆள் வந்த அன்று, வாழ்நாளெல்லாம் ஆகாயத்தில் இருந்த உச்சிக்கிளை என் இடுப்பு உயரத்தில் கிடந்தது. அதில் அப்பாவின் ஏணி எட்டாத ஒரு கவட்டில், அந்த வார் இலைச் செடி இருந்தது. ஒன்றுக்கொன்று பின்னி ஒரு கூடை அளவு. நாற்பது ஆடி மாதம் அரிவாளுக்குத் தப்பியிருக்கிறது. புயலுக்கும் தப்பியிருக்கிறது. வேர்கள் பட்டையின்மேல் பல்லி படுத்திருப்பதுபோல் ஒட்டிக் கிடந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். அடியில் பட்டை முழுசாக இருந்தது. ஒரு துளைகூட இல்லை. அப்பா சொன்ன ரத்தத்தை இது எந்த வழியாகக் குடித்திருக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

கிளையோடு அறுத்து வாங்காமல், செடியை மட்டும் பிய்த்தெடுத்தேன். அப்படிப் பிய்த்ததில் பாதி வேர் போயிற்று. பெரிய தொட்டி ஒன்றில் செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து, இடுப்பு வரை புதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். செடி என்றால் மண்ணும் தண்ணீரும் என்று பிள்ளைகளுக்கு எழுதிப்போட்ட கை. தை முடியுமுன் அடி இலைகள் பழுத்தன. மாசியில் தண்டு கறுத்தது. ஒருநாள் இலையைத் தொட்டேன், மொத்தமும் கையோடு வந்தது. அடியில் அழுகிய வாழைத்தண்டு நாற்றம். நாற்பது வருஷம் யாரும் சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் உச்சிக் கவட்டில் வாழ்ந்த செடியை, நாற்பத்தைந்து நாளில் என் கையால் கொன்றுவிட்டேன். இதை எழுதும்போதும் நெஞ்சில் அந்த நாற்றம் வருகிறது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம், வேளாண் துறை நடத்தும் மலர், காய், கனிக் கண்காட்சிக்கு ஏஎஃப்டி திடலுக்குப் போயிருந்தேன். டாலியா, சாமந்தி வரிசையெல்லாம் தாண்டி ஒரு மூலையில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது அதே வார் இலை. பூ மட்டும் பெரிசு, உள்ளங்கை அகலம், நல்ல ஊதா. அதற்குத் தொட்டியே இல்லை. பனங்கூடை மாதிரி ஒரு மரச்சட்டம், அதிலிருந்து வேர்கள் முழ நீளத்துக்கு அந்தரத்தில் தொங்கின. மண் என்று ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர், “என்னம்மா, வீட்ல இருக்குதா?” என்றார். இருந்தது, செத்துப்போச்சு என்றேன். “மண்ணுல வெச்சீங்களா?” என்றார். தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. “எல்லாரும் மொதல்ல அதத்தான் செய்றோம். ரெண்டாவது ஞாயித்துக்கெழம வில்லியனூருக்கு வாங்க” என்று ஒரு துண்டுச் சீட்டில் வழி எழுதிக்கொடுத்தார்.

அவரை நாங்கள் சொல்தா ஐயா என்று கூப்பிடுவோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களுக்கு இங்கே சொல்தா என்றுதான் பெயர். அவரோடு அந்த மொட்டைமாடியில் அன்று பதினான்கு பேர் இருந்தார்கள். ஒரு நர்ஸ், ஒரு கொத்தனார், பேங்கில் ஓய்வு பெற்றவர், பாகூரிலிருந்து நெல் வியாபாரம் செய்கிற தம்பதி, கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தருகிற ஒரு தம்பி. பதிவில்லை, பலகையில்லை, சந்தா இல்லை. மாதம் ஒரு ஞாயிறு, ஆளுக்கொரு மாடி. ஆர்க்கிட் சங்கம் என்று நாங்களே சொல்லிக்கொள்கிறோம். பெரிய சங்கங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. சிங்கப்பூரில் 1928இல் மலாயா ஆர்க்கிட் சங்கம் தொடங்கியது, 1934இல் இலங்கையில், 1984இல் சண்டிகரில் இந்திய ஆர்க்கிட் சங்கம். ஆனால் அங்கெல்லாமும் முதல் நாள் இப்படித்தான் நாலு பேர் செத்த செடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் முதல் பாடம் வேர். “டீச்சர், எலயப் பாக்காதீங்க. வேரப் பாருங்க” என்றார் சொல்தா ஐயா. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, தொங்கிக்கொண்டிருந்த வெள்ளை வேரை அதில் முக்கினார். என் கண்ணெதிரே வேர் பச்சையாக மாறியது. முழுவதும் மாறப் பத்து எண்ணுகிற நேரம்கூட ஆகவில்லை. வேரைச் சுற்றி வெலாமென் என்று பஞ்சுபோல் ஒரு உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது காற்று நிரம்பி வெள்ளையாகத் தெரியும். நனைந்ததும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியாகிவிடும், உள்ளே இருக்கும் பச்சை தெரியும். மழைத்தண்ணீர் மரத்தில் வழிகிற சில நிமிஷத்துக்குள் வேண்டியதைப் பிடித்துவைத்துக்கொள்ளச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. அடுத்த மழை வரைக்கும் அந்த வேருக்குக் காற்றுதான் வேண்டும். ஈர மண்ணில் புதைத்தால் மூச்சு முட்டிச் சாகும். வெள்ளையானால் தண்ணீர் கொடு, பச்சையாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில். பன்னிரண்டு வருஷமாக நான் கடைப்பிடிக்கிற சட்டம் இது ஒன்றுதான்.

அடுப்பில் ஏன் எரியவில்லை என்பதும் அன்று தெரிந்தது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்துவைக்கும். இது பகல் வெயிலில் மூடிக்கொண்டு, இரவு குளிர்ந்த பிறகு திறந்து கரியமிலக் காற்றை இழுத்துவைத்துக்கொள்ளும். கள்ளிக்கும் கற்றாழைக்கும் இருக்கிற பழக்கம். அதனால்தான் அந்தத் தடித்த இலையில் அத்தனை தண்ணீர். எங்கள் கத்திரி வெயிலைத் தாங்குவதற்கென்றே பிறந்ததுபோல.

செடிக்குப் பெயர் வாண்டா டெஸ்ஸலேட்டா என்று தாவரவியல் தம்பி சொன்னார். டெஸ்ஸலேட்டா என்றால் கட்டம்போட்டது. என் கைலித் துணி! மலையாளத்தில் மரவாழை என்கிறார்களாம். 1795இல் வில்லியம் ராக்ஸ்பரோ என்பவர் சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் படத்தோடு தொகுத்து வெளியிட்ட நூலில் இந்தச் செடி இருக்கிறது. இமயமலையிலும் குடகிலும் தேடிப்போக வேண்டிய அபூர்வம் இல்லை இது. நம் சமவெளியில் மாவிலும் புளியிலும் வாழ்கிற செடி. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019இல் வெளியிட்ட கணக்கில் நம் நாட்டில் 1,256 வகை ஆர்க்கிட்கள் உண்டு. அதில் ஒன்று எங்கள் கொல்லையில் இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரிய ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

அன்று வீட்டுக்கு வரும்போது அப்பாவை நினைத்து மனசு கனத்திருந்தது. ஆண்டாண்டாய் அவர் குற்றமில்லாத ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாரே என்று. அடுத்த மாதக் கூட்டத்தில் இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். தம்பி சிரிக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வாண்டாங்கற பேரே சமஸ்கிருதத்துலேர்ந்து வந்ததுதான் டீச்சர். அதுக்கு அர்த்தமே புல்லுருவிதான்.” மரத்தில் தொற்றியதையெல்லாம் ஒரே பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரைத்தான் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவிலிருந்து எழுதி, உலகத் தாவரவியலுக்குக் கொடுத்தார். ஆக அப்பா சொன்னதைத்தான் லத்தீன் புத்தகமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்பா முழுக்கத் தப்பு செய்தார் என்றும் சொல்லமாட்டேன். கூடையில் இருந்த முதல் வகை, ஆரஞ்சுக் குழல் பூ, அதுதான் நிஜமான புல்லுருவி. அது வேரை மரத்துக்குள் இறக்கி, மரத்தின் குழாயிலிருந்தே தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும். விட்டால் கிளை கிளையாக மாமரம் பட்டுப்போகும். அதை வெட்டத்தான் வேண்டும், இன்றும் நான் வெட்டுகிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல அவருக்கு ஆளில்லை. எனக்குப் பதினான்கு பேர் இருந்தார்கள்.

எங்கள் ஊர்த் தண்ணீர் ஆர்க்கிட்டுக்கு ஆகாது. என் வீட்டு போர் தண்ணீரில் நர்ஸ் அக்கா உப்பு அளக்கிற மீட்டரை வைத்துப் பார்த்தபோது 1,100 காட்டியது. இருநூறுக்குள் இருந்தால்தான் வேர் நுனி கருகாமல் இருக்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம் டிரம்மாகப் பிடித்துவைக்கிறேன். மாடியில் பாதி வெயிலைத் தடுக்கிற பச்சை நிழல்வலை. வாண்டாவுக்கு ஒன்றும் வேண்டாம், கூடையே போதும். டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட்டுக்குத் தேங்காய் மட்டையை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, சாயம் இறங்கிய பிறகு அடுப்புக்கரியும் ஓட்டாஞ்சில்லும் கலந்து போடுகிறேன். மட்டையை ஊறவைக்காமல் போட்டால் அதிலிருக்கிற உப்பே செடியைத் தின்றுவிடும். தண்ணீர் விடியற்காலையில்தான். சாயங்காலம் ஊற்றினால் குருத்தில் தங்கி இரவில் அழுகும். உரம் என்றால் 19:19:19ஐ லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. பசியோடு இருக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி கொடுப்பதுபோலத்தான் கொடுக்க வேண்டும்.

தொட்டிதான் பெரிய பாடாக இருந்தது. பிளாஸ்டிக் தொட்டி சித்திரையில் கொதிக்கும். மண்தொட்டி குளிர்ச்சி, ஆனால் கடைத்தொட்டியில் அடியில் ஒரு துளைதான். சுற்றிலும் துளை இருந்தால்தான் வேருக்குக் காற்று. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அங்கே ஒரு குயவரிடம் நாலைந்து பேர் சேர்ந்து போனோம். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட சட்டி வேண்டும் என்றதும் அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். “ஓட்டப் பானைய நாங்க ஒரு காரியத்துக்குத்தாம்மா குடுப்போம்” என்றார். கொத்தனார் தம்பிதான் வேரைக் காட்டி விளக்கினார். குயவர் அந்த வேரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அரைக்காய்ச்சலில் இருந்த ஒரு சட்டியை எடுத்து, மூங்கில் குச்சியால் சுற்றிலும் குத்தினார். நாலாவது குத்தில் சட்டி நெளிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று எங்களை டீ குடிக்க அனுப்பினார். திரும்பி வந்தபோது குச்சியைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் திருகி எடுத்துக்கொண்டிருந்தார். துளைகள் வட்டம் பிசகாமல் வரிசையாக வந்திருந்தன. “உள்பக்கம் பிசுறு இருக்கக் கூடாது, வேரு கிழிஞ்சிடும்” என்று நாங்கள் சொல்லாததை அவரே சொல்லி, ஈர விரலை ஒவ்வொரு துளையிலும் விட்டு வழித்தார். இப்போது அவர் வீட்டு வாசலிலும் ஒரு டென்ட்ரோபியம் தொங்குகிறது.

அந்தச் சட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மாமியார் ஒரு வாய் சாப்பிடவில்லை. தொண்ணூறை நெருங்கிய வயசு. “கொள்ளிக்கொடம் மாதிரி வீடு பூரா ஓட்டச் சட்டியத் தொங்கவுட்டா நல்லதாடி?” என்று அழுதார். அவர் மனசை மாற்ற எந்த விளக்கத்தாலும் முடியவில்லை. நாலு மாதம் கழித்து முதல் சரம் பூத்தது. வெள்ளையில் ஊதா விளிம்பு. அதைச் சட்டியோடு எடுத்துவந்து அவர் கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். அந்தச் சரம் ஒன்றரை மாதம் வாடவில்லை. தினமும் காலையில் எண்ணுவார், ஒன்பது பூவும் இருக்கிறதா என்று. அதற்குப் பிறகு சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் கூட்டத்தில் ஆசிரமத்துக்குப் போய்வருகிற ஒரு அம்மா இருக்கிறார். ஸ்ரீ அன்னை ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் சொல்லியிருக்கிறாரே, அதில் ஆர்க்கிட்டுக்கு இறைவன்மேல் பற்று என்று இருப்பதாகச் சொன்னார். மாமியார் அதைக் கேட்டுவிட்டு, “பத்திக்கிட்டுதான இருக்குது” என்றார்.

ஒரு ஞாயிறு மாடியில் கூடாமல் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய பூங்கா. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது பூங்கா ரயிலில் ஏற்றக் கூட்டிக்கொண்டு போனதுண்டு. அன்றுதான் அந்த மரங்களின் கீழே நின்று பெரோத்தே என்ற பெயரைக் கேட்டேன். சாமுவேல் பெரோத்தே இந்தப் பூங்காவைப் பல வருஷம் வளர்த்தவர், 1870இல் புதுச்சேரியிலேயே இறந்தவர். நீலகிரி மலையில் ஏறி அவர் சேகரித்த ஆர்க்கிட்களை வைத்து, அசீல் ரிஷார் என்ற தாவரவியலாளர் 1841இல் பாரிஸில் ஒரு தனி ஆய்வே வெளியிட்டிருக்கிறார். நம் மலை ஆர்க்கிட்களுக்குப் பெயர் கிடைத்த வழி எங்கள் ஊர் வழியாகப் போயிருக்கிறது.

சொல்தா ஐயாவுக்கு பெரோத்தே வேறொரு காரணத்துக்காக முக்கியம். அவர் ராணுவத்தில் கொஞ்ச காலம் ரெயூனியன் தீவில் இருந்தவர். வெனிலா ஒரு ஆர்க்கிட் கொடி. அதை அந்தத் தீவுக்கு முதலில் 1819, 1820 வாக்கில் கொண்டுபோனவர்களில் பெரோத்தேவும் ஒருவர். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. மெக்சிகோவில் அந்தப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கிற தேனீ அந்தத் தீவில் இல்லை. 1841இல் எட்மோன் அல்பியூஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைப் பையன், ஒரு குச்சியால் பூவுக்குள் இருக்கும் சின்னத் தடுப்பைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திக் காட்டினான். இன்றுவரை உலகத்தில் தோட்டத்து வெனிலா அநேகமாக எல்லாம் அந்தப் பையன் காட்டிய முறையில்தான் காய்க்கிறது. அவன் பிறகு விடுதலை பெற்றும் ஏழையாகவே செத்தான். அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் புதுச்சேரி, காரைக்கால் ஜனங்கள் ஏராளம். “நம்ம ஊரு பொம்பளைங்க வெடியக்காலம் தோட்டத்துல எறங்கி, பூவத் தொட்டுத் தொட்டு வெச்சிக்கிட்டே போவாங்களாம். பூ ஒரு காலைதான் தெறந்திருக்கும். மத்தியானம் போனா போச்சு” என்றார் ஐயா. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அவர் தன் தடித்த கட்டைவிரலால் அந்த அசைவைச் செய்து காட்டினார். ஒருவரும் பேசவில்லை. கொழும்புக்கும் மொரீசுக்கும் போன கதைகள் நமக்குத் தெரியும். ஒரு பூவைத் தொட்டுத் தொட்டுக் கழிந்த வாழ்க்கையை நான் அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

வருஷத்துக்கு ஒருமுறை பாட்டில் கன்று வாங்குவோம். அதுதான் எங்கள் திருவிழா. ஆர்க்கிட் விதை தூசியைவிடப் பொடி. ஒரு காய்க்குள் லட்சக்கணக்கில் இருக்கும், ஒன்றிலும் சாப்பாடு கிடையாது. நெல்லிலும் உளுந்திலும் தாய் கட்டிக்கொடுத்த சோறு உள்ளே இருக்கும். இதற்கு அது இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை வந்து சேர்ந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்று நொயேல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர் கண்டுபிடித்தார். 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த பாகில் விதைத்தே முளைக்கவைத்தார். 1960இல் ஜார்ஜ் மோரெல் செடியின் குருத்தணுவிலிருந்தே ஆயிரக்கணக்கில் கன்று எடுக்கலாம் என்று காட்டினார். அதற்கு முன் ராஜாக்களும் ஜமீன்தார்களும் வைத்திருந்த பூவை, இன்று கொத்தனார் தம்பி தன் சம்பளத்தில் வாங்குகிறார். ஒரு பாட்டிலில் இருபத்தைந்து கன்று. துணியைச் சுற்றிப் பாட்டிலை உடைத்து, பாகைக் கழுவி, நர்ஸ் அக்கா இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வரிசை வைப்பார். கை நடுங்காது அவருக்கு. கொத்தமல்லி இலையைவிடக் கொஞ்சம் பெரிய கன்று, பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். ஆளுக்கு ஒன்றிரண்டு. செத்துப்போனால் அடுத்த கூட்டத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது சங்கத்து விதி. ஏன் செத்தது என்று பதினான்கு பேரும் சேர்ந்து யோசிப்போம். யாரும் யாரையும் குறை சொன்னதில்லை.

இன்னொரு விதி, காட்டிலிருந்தோ கோயில் தோப்பிலிருந்தோ ஒரு செடியும் எடுக்கக் கூடாது. தெற்கே அகத்தியமலையில் மட்டும் இருக்கிற சீமாட்டிச் செருப்பு ஆர்க்கிட்டை ஆசைக்காரர்களும் வியாபாரிகளும் அள்ளி அள்ளி அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனார்கள். விழுந்த மரத்திலிருந்து எடுக்கலாம், அதுவும் கிளையோடு அறுத்து. அதை யாராவது முன்பே என்னிடம் சொல்லியிருந்தால் என்று இன்னும் நினைக்கிறேன்.

2016இல் பாகூர்த் தம்பதி எனக்கு ஒரு வாண்டா டெஸ்ஸலேட்டா கன்று கொடுத்தார்கள். அவர்கள் வீட்டு முற்றத்துப் புளியமரத்தில் இருக்கும் தாயின் பக்கக் கன்று. கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. “மூணு வேர் வரட்டும் டீச்சர்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார் அந்த அக்கா. பக்கக் கன்றுக்குச் சொந்தமாக மூன்று வேர் விரல் நீளம் வந்த பிறகுதான் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். சாய்ந்த மாமரத்தின் இடத்தில் நான் 2012இல் நட்ட ஒட்டு மாங்கன்று அதற்குள் என் தலைக்குமேல் போயிருந்தது. அதன் முதல் கவட்டில், பருத்தித் துணியைக் கிழித்துக் கட்டினேன். துணி மக்கி விழுவதற்குள் வேர் பட்டையைப் பிடித்துவிட்டது. 2020இல், ஊரே அடங்கிக் கிடந்த வைகாசியில், காலையில் பின்கதவைத் திறந்தபோது அந்த வாசனை வந்தது. நாற்பத்தொன்பது வருஷம் கழித்து. பல் துலக்கக்கூட மறந்து மரத்தடியில் நின்றேன். மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம், நடுவில் ஊதா நாக்கு, ஆறு பூ.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் வந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழை. மாடியில் நிழல்வலை கிழிந்து பறந்துவிட்டது. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர்ப் பக்கத்து ஊர்களில் புகுந்தது. எங்கள் தம்பதி வீட்டில் முற்றத்துச் சட்டிகள் எல்லாம் சேற்றில் போயின. புளியமரத்து வாண்டா மட்டும் ஆள் உயரத்துக்குமேல் இருந்ததால் தப்பியது. அடுத்த ஞாயிறு மற்ற எல்லாரும் ஆளுக்கு மூன்று நான்கு செடியோடு அவர்கள் வீட்டுக்குப் போனோம். அதில் பாதி, அவர்கள் எங்களுக்குக் கொடுத்த செடிகளின் பிள்ளைகள்.

போன ஆடியில் தென்னை ஏறுகிற பையன் ஒருவன் வந்திருந்தான். தேங்காய் பறித்துப் போட்டுவிட்டு, அரிவாளைத் தோளில் சாத்திக்கொண்டு மாமரத்தை அண்ணாந்து பார்த்தான். “டீச்சரம்மா, மாமரத்துல புல்லுருவி புடிச்சிருக்குது. மரத்தக் குடிச்சிடும். ஏறி வெட்டிடட்டுமா?” என்றான். அப்பாவின் குரல்தான். இரு என்று சொல்லிவிட்டு ஏணியை நானே எடுத்துவந்து சாத்தினேன். அவனை ஏறச் சொன்னேன். கடைசிச் சரம் இன்னும் இரண்டு பூவோடு இருந்தது. முகர்ந்து பார் என்றேன். முகத்தைக் கிட்டே கொண்டுபோனவன் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான். வேரைத் தூக்கிப் பார், பட்டையில் ஓட்டை இருக்கிறதா என்றேன். விரலை விட்டுத் தடவினான். “இல்லீங்களே” என்றான். கீழே இறங்கும்போது அரிவாளை ஏணியிலேயே மாட்டிவிட்டு வந்தான்.

“எங்க வூட்டாண்ட ஒரு வேப்பமரம் நிக்குது. அதுல வுட்டா வருமா?” என்று கேட்டான்.

அடியில் ஒரு பக்கக் கன்று வந்திருந்தது. அதற்கு இரண்டு வேர்.

“வரும். மூணு வேர் வரட்டும்” என்றேன்.